நகராட்சி நாடக அரங்கு: முகப்பில் இருக்கும் வருடத்தை நம்பி வரலாறு எழுதலாமா?

சுவடிப்பெட்டி:

வணக்கம். நகராட்சிக்குச் சொந்தமான ஒரு பழைய நாடக அரங்கைப் புதுப்பிக்கிறார்கள். திறப்பு விழாவில் கொடுக்க, கட்டடத்தின் வரலாற்றை 40 பக்கத்தில் தொகுக்க வேண்டும். அங்கே நடித்தவர்களைப் பற்றியும் நடந்த நாடகங்களைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். கட்டடத்தைப் பற்றி ஒரு பத்தி கூட உருப்படியாக இல்லை.

இப்போதைக்கு இருக்கும் குழப்பங்கள்:

அடிக்கல்லில் ஒரு வருடம், முகப்பில் சுதையில் எழுதிய வருடம் வேறு, செய்தித்தாளில் வந்த திறப்பு விழா வருடம் மூன்றாவது. எதைப் போடுவது?

பார்வையாளர் கூடத்தின் மேற்கூரை நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தில் வட்டத் துளை. இப்போது பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். சரவிளக்குக்காக விட்டது என்கிறார்கள் சிலர், காற்றுப் போக விட்டது என்கிறார்கள் வேறு சிலர்.

மேடைக்கு மேலே இருக்கும் உயரக் கூண்டின் செங்கல், பாதிக்கு மேல் நிறம் மாறுகிறது.

திறப்பு விழாச் செய்தியில் சொன்ன இருக்கை எண்ணிக்கையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இன்று இருக்கிறது. எந்தச் சுவரும் இடிபட்டதாகத் தெரியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? காகிதமா, கட்டடமா?

—

மூன்றாம்_அலமாரி:

மூன்று வருடமும் சரியாக இருக்கலாம். நகராட்சிக் கட்டடத்துக்கு ஒரே பிறந்தநாள் என்று எதுவும் கிடையாது. சாவ் பாவ்லோ நகராட்சி அரங்கில் வேலை தொடங்கியது 1903, திறந்தது 1911 செப்டம்பர் 12. பாரிஸின் கார்னியே ஒபராவுக்கு 1861 முதல் 1875 வரை ஆனது, நடுவில் ஒரு போரும் ஆட்சி மாற்றமும் வேறு. முகப்பில் சுதை எழுதும் கொத்தனாருக்கு எந்த வருடம் சொல்லப்பட்டதோ அதை எழுதியிருப்பார். சில சமயம் அது எதிர்பார்த்த திறப்பு வருடம்.

நகராட்சிக் காகிதங்களை இந்த வரிசையில் தேடுங்கள்: கடன் வாங்க மன்றம் போட்ட தீர்மானம், நிலம் மாற்றிய ஆவணம், வடிவமைப்பு ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம், அடிக்கல், ஒப்பந்தக்காரருக்குத் தவணை தவணையாகப் பணம் கொடுத்த சான்றுகள், முடிவுச் சான்று, திறப்பு, கடைசிப் பட்டியல். கடைசிப் பட்டியல் பெரும்பாலும் திறப்புக்குப் பல மாதம் கழித்து, சண்டையோடு வரும். அந்தச் சண்டைக் கடிதங்களை விடாதீர்கள். எது ஒப்பந்தத்தில் இருந்தது, எது கூடுதலாகச் செய்தது, எது செய்யாமல் விட்டது என்று அதில்தான் வரிவரியாக இருக்கும்.

இந்தக் காகிதங்களில் என்னுடைய முதல் நம்பிக்கை தவணைச் சான்றுகள் மேல். தீர்மானம் திருத்தப்படும், வரைபடம் மாறும், செய்தித்தாள் மிகைப்படுத்தும். பொறியாளர் அளந்து கையெழுத்துப் போடாமல் பணம் மட்டும் நகராது. "பால்கனி இரும்பு உத்தரங்கள், இத்தனை டன்" என்று ஒரு தேதியோடு இருந்தால், அந்தத் தேதியில் உத்தரம் வந்து இறங்கிவிட்டது என்று துணிந்து எழுதலாம்.

தீர்மானப் பதிவேட்டின் அகரவரிசையில் "நாடக அரங்கு" என்ற தலைப்போடு நின்றுவிடாதீர்கள். எரிவாயு, மின்சாரம், குடிநீர், தீயணைப்பு, உரிமம், கட்டட வாடகை, வழக்குகள் எல்லாவற்றிலும் பாருங்கள். தண்ணீர்க் குழாய் பெரிதாக்கியது "குடிநீர்" தலைப்பில் கிடக்கும். ஏன் பெரிதாக்கினார்கள் என்பதற்கு விடை "தீயணைப்பு" தலைப்பில் கிடக்கும். நிதியாண்டும் காலண்டர் ஆண்டும் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ஓர் ஆண்டு வித்தியாசம் வரும் குழப்பங்களில் பல இதனால்தான்.

வரைபடம் கிடைத்தால் முதலில் அதன் தலைப்பைப் படியுங்கள். "உத்தேசம்" என்று இருந்தால் கட்டியதற்கு அது சாட்சி ஆகாது. கட்டி முடித்தபின் வரைந்த தாள் தனியாக இருக்கும், பெரும்பாலும் மங்கலாக, அழகில்லாமல். அதுதான் வேண்டியது.

செய்தித்தாள் விஷயத்தில் ஒன்று. திறப்பு நாள் கட்டுரை, கட்டடக் கலைஞர் கொடுத்த குறிப்பை அப்படியே அச்சிட்டதாக இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வாரத்து வாசகர் கடிதங்களையும் எடுங்கள். பின்வரிசைக்குக் குரல் கேட்கவில்லை, மேல்மாடத்தில் வெக்கை தாங்கவில்லை, தூண் மறைக்கிறது என்ற புகார்களில் கட்டடம் உண்மையில் எப்படி இருந்தது என்று தெரியும்.

மாற்றங்களின் தேதிக்கு வேறொரு வழியும் உண்டு. அரங்குகளைத் திருத்தி எழுதியது தீ விபத்துகள்தான். 1881 டிசம்பர் 8, வியன்னா ரிங் தியேட்டர்: மேடை எரிவாயு விளக்கு முதல் முயற்சியில் பற்றவில்லை, கசிந்த வாயு அடுத்த முயற்சியில் வெடித்துப் படுதாவைப் பிடித்தது. இரும்புத் திரை இறங்கவில்லை. எரிவாயுவை மூடியதும் கூடம் இருண்டது. அவசரத்துக்கு வைத்த எண்ணெய் விளக்குகள் எரியவில்லை. கதவுகள் உள்நோக்கித் திறப்பவை. அதிகாரக் கணக்கில் 384 பேர் இறந்தார்கள். 1887இல் பாரிஸ் ஒபரா கோமிக், அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் எக்ஸிடர், 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ இரோக்வாய் தியேட்டர். கடைசியாகச் சொன்னதில் 602 பேர். "முழுக்கத் தீப்பிடிக்காத கட்டடம்" என்று விளம்பரம் செய்து, திறந்து ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகியிருந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் பிறகு சில ஆண்டுகளுக்குள் உங்கள் நகராட்சியின் உரிமக் கோப்பில் ஆய்வாளரின் கடிதம் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்: கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும், மாடத்துக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும், மேடைக்கும் கூடத்துக்கும் நடுவே தீத்திரை வேண்டும், மேடைக் கூரையில் புகை வெளியேறும் வழி வேண்டும். பின்னால் ஒட்டிக் கட்டிய படிக்கட்டு எதையாவது பார்த்து "இது எதற்கு இங்கே?" என்று தோன்றினால் முதலில் அந்தக் கோப்பைத் திறங்கள்.

—

கப்பியும்_கயிறும்:

காகிதக்காரர் சொன்னதெல்லாம் சரி. ஆனா மேடைப் பக்கத்துல நடந்த மாற்றத்துல பாதி, காகிதத்துக்கே வராது. மேடைத் தச்சர் ஒரு வாரத்துல செஞ்சு முடிச்சிருப்பார், செலவு "பராமரிப்பு"ல போயிருக்கும். அதனால டார்ச், டேப், ஒரு மீட்டர் நீளத்துல ரசமட்டம் எடுத்துக்கிட்டு நீங்களே போய்ப் பார்க்கணும்.

செங்கல் நிறம் மாறுற விஷயம். மேடை வாய், அதாவது கூடத்தைப் பார்த்துத் திறந்திருக்கிற மேடையோட முன்பக்கத் திறப்பு, உயரம் எவ்வளவுன்னு அளங்க. படுதாவை மடிக்காம அப்படியே மேலே தூக்கி மறைக்கணும்னா, கப்பி மாட்டுற சட்டம் மேடை வாய் உயரத்தைப் போல ரெண்டரை மடங்கு உயரத்துல இருக்கணும். வாய் 8 மீட்டர்னா சட்டம் 20 மீட்டர். கூண்டு அந்த அளவுக்கு இல்லாத அரங்குல படுதாவை அடியில உருளை கட்டிச் சுருட்டுவாங்க, இல்லேன்னா நடுவுல இன்னொரு கம்பு கொடுத்து ரெண்டா மடிச்சுத் தூக்குவாங்க. உங்க கட்டடத்துல நிறம் மாறுற மட்டம் வரைக்கும் அளந்து பாருங்க. அது வாய் உயரத்துக்கு ஒன்றரை மடங்கோ கொஞ்சம் கூடவோ இருந்தா, முதல்ல சுருட்டுற படுதாவுக்குக் கட்டி, பிறகு தூக்குற படுதாவுக்காகக் கூண்டை உயர்த்தியிருக்காங்க. பழைய மட்டத்துல சுவருக்கு உள்பக்கம் பழைய உத்தரம் உட்கார்ந்த குழிகள் வரிசையா அடைச்சிருக்கும். அதைப் போட்டோ எடுத்துடுங்க, புத்தகத்துக்கு நல்ல படம்.

அடுத்தது கயிறு. பழைய முறையில ஒரு படுதாவுக்குக் குறைஞ்சது மூணு கயிறு: பக்கத்துல முடியறது, நடுவுல முடியறது, எட்டத்துல முடியறது. மூணும் பக்கச் சுவர் மாடத்துல ஒரு கம்பியில வந்து கட்டப்படும். அந்த மாடத்து மரக் கைப்பிடியைத் தடவிப் பாருங்க. கயிறு தேய்ச்ச பள்ளம் இருக்கும். பள்ளங்களை எண்ணினா எத்தனை படுதா தொங்கிச்சுன்னு ஏறக்குறையச் சொல்லிடலாம். பிறகு எதிர் எடை முறை வந்திருந்தா, ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தரையிலேர்ந்து உச்சி வரைக்கும் செங்குத்தா இரும்புத் தண்டவாளம் வரிசையா இருக்கும், தொட்டியில இரும்புக் கட்டிகள் அடுக்கியிருக்கும். அந்த இரும்பைக் கழட்டி எடுத்தாலும் சுவர்ல போல்ட் துளைகள் ஒரே இடைவெளியில நிக்கும்.

மேடைத் தரைச் சரிவு. பழைய மேடைகள் பின்னாலிருந்து முன்னால சாய்ஞ்சிருக்கும். 24க்கு 1 ரொம்பப் பரவலான சரிவு. ஒரு மீட்டர் மட்டத்தை வெச்சா நுனியில 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இடைவெளி. 10 மீட்டர் ஆழ மேடையில பின்சுவர்கிட்ட 42 சென்டிமீட்டர் உயரம் வந்துடும். இப்போ தரை சமமா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. பின்சுவர்ல காட்சிச் சாமான் ஏத்துற பெரிய கதவோட வாசப்படியைப் பாருங்க. அது தரைக்குச் சம்பந்தமில்லாத உயரத்துல இருந்து, நடுவுல ஒரு படியோ சின்னச் சாய்தளமோ போட்டிருந்தா, சரிவை எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். மேடைக்கு அடியில போனா பழைய விட்டத்து மேல ஆப்பு வடிவத்துல கட்டை வெச்சு நிமிர்த்தினதும் தெரியும்.

அடியில இருக்கும்போதே விட்டங்கள் எங்கே அறுந்து அறுந்து நிக்குதுன்னு குறிச்சுக்குங்க. ஆளை மேலே ஏத்துற பொறிக் கதவு இருந்த இடம் அதுதான். குறுக்கே நீளமா மெல்லிசான பிளவுகள் அடைச்சிருந்தா, பக்கப் படுதாக்களை அடியில வண்டி வெச்சு நகர்த்துற முறை இருந்திருக்கு. அந்த முறை முழுசா வேலை செய்யறதைப் பார்க்கணும்னா ஸ்வீடன்ல டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கு இருக்கு. 1766ல கட்டினது, 1792க்கு அப்புறம் நாடகமே இல்லாமப் பூட்டிக் கிடந்து 1921ல திறந்து பார்த்தா, மரச் சக்கரமும் கயிறும் அப்படியே. பணம் இருந்த அரங்குகள் எல்லாம் புதுசாக்கிப் பழசைத் தொலைச்சிருச்சு. கவனிப்பாரில்லாத அரங்குதான் பிழைச்சுது.

கூரைத் துளை பத்தி: எரிவாயு காலத்துல கூடத்து நடுவுல வட்டமா நிறைய சுடரை அடுக்கி, மேலே ஒரு பெரிய புகைக்குழாய் வெச்சு, கூரைக்கு வெளியே விடுவாங்க. வெளிச்சமும் வரும், அந்தச் சூட்டுல கூடத்துக் கெட்ட காற்றும் மேலே இழுத்துக்கிட்டுப் போகும். ஒரு மீட்டர் அகலம் அதுக்குத்தான் பொருந்துது. மின்சாரம் வந்த தேதி தெரிஞ்சா அதை அடைச்ச தேதியும் கிடைச்ச மாதிரி. லண்டன் சவாய் தியேட்டர் 1881 அக்டோபர்ல திறக்கும்போது கூடத்துல மின்விளக்கு, டிசம்பர் கடைசியில மேடைக்கும் வந்துச்சு, மொத்தம் 1,200 விளக்கு பக்கம். ஒரு பொதுக் கட்டடம் முழுக்க மின்சாரத்துக்கு மாறினது அதுதான் முதல்னு சொல்வாங்க. நகராட்சி அரங்குகளுக்கு வர அதுக்கப்புறம் கொஞ்ச காலம் ஆச்சு.

—

ஐயம்_தீர்ப்பவன்:

கப்பியாரே, துளை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். சரவிளக்கைச் சுத்தம் செய்யக் கீழே இறக்கும் அரங்குகளிலும் கூரைக்கு மேலே இதே அளவு துளை உண்டு. வித்தியாசம் கூரை அட்டத்துக்குள், அதாவது கூடத்தின் உள்கூரைக்கும் வெளிக்கூரைக்கும் நடுவே உள்ள இடத்துக்குள், ஏறினால்தான் தெரியும். புகைக்குழாய் என்றால் துளையைச் சுற்றி இரும்புத் தகடு, மரத்திலிருந்து ஒதுக்கி வைத்த இடைவெளி, மேலே கரி, நேர் மேலே ஓட்டிலோ தகட்டிலோ ஒரு ஒட்டு. சரவிளக்கு என்றால் துளைக்கு மேலே கனமான இரண்டு உத்தரம், அவற்றில் கயிற்று உருளை பொருத்திய போல்ட் துளைகள், பக்கத்தில் ஒரு ஆள் நின்று சுற்ற ஒரு பலகைத் தளம்.

இரண்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. எரிவாயுவை எடுத்துவிட்டு அதே துளையில் மின் சரவிளக்கைத் தொங்கவிட்டால் கரியும் இருக்கும், உருளையும் இருக்கும். அப்போது எது எதன் மேல் என்று பாருங்கள். போல்ட் துளை கரி படிந்த மரத்தைக் குடைந்து, உள்ளே வெளுப்பாக இருந்தால், கரி முதலில்.

சுவருக்குள் இரும்புக் குழாய் வழியாக மின்கம்பி ஓடுவதைப் பார்த்து அது மின்சாரத்துக்குப் போட்டது என்று எழுதிவிடவும் கூடாது. பழைய எரிவாயுக் குழாயையே கம்பிக் குழாயாகப் பயன்படுத்திய இடங்கள் நிறைய.

—

சுவடிப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. அட்டத்துக்கு ஏற அனுமதி கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு. மேல்மாடத்தின் பின்னால் தனியாக வெளிப்படிக்கட்டு வைத்து, கான்கிரீட் சுவரில் ஒரு சின்ன அறை. கூடத்தைப் பார்த்து நான்கு சதுரத் துளைகள், ஒவ்வொன்றின் மேலும் சறுக்கும் இரும்புத் தகடு. மேடை ஓரத்துப் பெட்டி இருக்கைகள் இருந்த இடம் வெறும் சுவராக இருக்கிறது.

இரண்டாவது அவசரம்: பெயிண்ட் ஒப்பந்தக்காரர் சுரண்டி வெள்ளையடிக்கத் தயாராகிவிட்டார். பழைய நிறங்களைப் பதிவு செய்ய என்ன செய்யலாம்?

—

கப்பியும்_கயிறும்:

சினிமா புரொஜெக்டர் அறை. அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட், பத்திக்கிட்டா தண்ணிக்குள்ள போட்டாலும் அணையாது. அதனாலதான் கான்கிரீட் சுவர், தனிப் படிக்கட்டு, துளைக்கு மேல தகடு. தகட்டைத் தூக்கிப் பிடிச்ச கம்பியில சூடு பட்டா உருகுற ஒரு துண்டு இருக்கும், அது உருகினா நாலு தகடும் தானே விழுந்துடும். 1950களின் தொடக்கத்துல நைட்ரேட் பிலிம் தயாரிப்பு நின்னுபோச்சு, அதனால அந்த மாதிரி அறை அதுக்கு முன்னாடி கட்டினதுன்னு வெச்சுக்கலாம். பெட்டி இருக்கையை எடுத்ததும் அப்போதான் இருக்கும். ஓரத்துல உட்கார்ந்தா திரை தெரியாது. மேடைக்கு முன்னால இசைக்குழு உட்கார்ற பள்ளத்தையும் பலகை போட்டு மூடியிருப்பாங்க, அதையும் பாருங்க.

"உரிமம்" கோப்புல சினிமா உரிமம்னு தனியா தேடுங்க.

—

காரைப்பூச்சு:

ஒப்பந்தக்காரரை நிறுத்துங்கள். குறைந்தபட்சம் பெட்டி இருக்கைகள் இருந்த சுவரையும், மேடை வாயின் சுற்றுச் சட்டத்தையும், கூரையின் ஒரு கால்பகுதியையும் தொடாமல் விடச் சொல்லுங்கள். சுரண்டிவிட்டால் திரும்ப வராது.

அதற்கு முன் பாதுகாப்பு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உலர் சுரண்டல் கூடாது, உப்புத்தாள் இயந்திரம் கூடவே கூடாது. தீத்திரையிலும் குழாய்ச் சுற்றுகளிலும் கல்நார் இருக்கலாம். அதைச் சோதனைக்கூடத்துக்காரர்கள்தான் வந்து எடுக்க வேண்டும், நீங்கள் கிள்ளிப் பார்க்காதீர்கள். தீத்திரையில் வெல்டிங் வேலை இருந்தால் இன்னும் எச்சரிக்கை: பார்சிலோனாவின் லிசெயு அரங்கு 1994 ஜனவரி 31 அன்று எரிந்ததே இரும்புத் தீத்திரையைப் பழுது பார்த்தபோது பறந்த பொறியால்தான். தீயைத் தடுக்க வைத்ததே தீக்கு வழியாகிப் போனது.

நிறம் எடுக்கும் முறை. கை படாத, வெயில் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்: பெட்டிகளின் பின்பக்கம், சுதை வேலைப்பாட்டின் மேல் விளிம்பு, பின்னால் அறைந்த பலகைக்கு அடியில். கை எட்டும் உயரத்தில் எடுத்தால் பாதி அடுக்கு தேய்ந்து போயிருக்கும், கணக்குத் தப்பும். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று இடமாவது வேண்டும். ஓர் இடத்தில் பழுது பார்த்திருப்பார்கள், அதை மட்டும் பார்த்தால் மொத்தக் கூடமும் அந்த நிறத்தில் இருந்ததாக எழுதிவிடுவோம்.

முதலில் அறுவைக் கத்தியால் படிக்கட்டு மாதிரி திறப்பது: 2 சென்டிமீட்டர் சதுரம் ஒவ்வொன்றிலும் ஓர் அடுக்கு மட்டும் எடுத்து, அடுத்த சதுரத்தில் அதற்கடுத்தது, இப்படிக் காரை தெரியும் வரை. இது கண்ணுக்குத் தெரிவதற்கு. எழுதுவதற்கு இது போதாது. காரையோடு சேர்த்து 2, 3 மில்லிமீட்டர் சில்லு ஒன்று எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் 100 முதல் 200 மடங்கில் பார்க்க வேண்டும். அங்கே அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது அழுக்கு. அதாவது அந்த நிறம் பல வருடம் வெளியே இருந்தது. கோடு இல்லாமல் இரண்டு அடுக்கு ஒட்டிக் கிடந்தால் ஒரே வேலையின் அடிப்பூச்சும் மேல்பூச்சும். எட்டு அடுக்கைப் பார்த்து "எட்டு முறை வண்ணம் மாறியது" என்று எழுதும் தவறு இங்கேதான் நடக்கிறது. பெரும்பாலும் அது மூன்றோ நான்கோதான்.

தேதிக்கு உதவும் நிறமிகள் உண்டு. டைட்டானியம் வெள்ளை 1920 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. ஓர் அடுக்கில் அது இருந்தால் அதுவும் அதற்கு மேலே உள்ளவையும் அதற்குப் பிந்தியவை. இல்லை என்பதால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது, ஈய வெள்ளையும் துத்தநாக வெள்ளையும் அதற்குப் பிறகும் வெகுகாலம் விற்றன. பழுப்பாகக் கறுத்த "தங்கம்" தெரிந்தால் அது பெரும்பாலும் வெண்கலப் பொடிப் பூச்சு. கீழே உண்மையான தங்கத் தகடு இருக்கிறதா பாருங்கள். தங்கம் கறுக்காது.

படமும் சாட்சிதான். வெனிஸின் ஃபெனிசே அரங்கு 1996 ஜனவரி 29 இரவு எரிந்தபின் திரும்பக் கட்டியபோது, 1950களில் அங்கே எடுத்த ஒரு வண்ணத் திரைப்படத்தின் காட்சிகளையும் உள் அலங்காரத்துக்கு ஆதாரமாகப் பார்த்தார்கள். உங்கள் அரங்கில் யாராவது படம் பிடித்திருந்தால், பின்னணியைப் பாருங்கள். நிறத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள், பிலிம் நிறம் வெளுக்கும். வடிவம், விளக்கு இருந்த இடம், இருக்கை வரிசை இவற்றுக்கு நம்பலாம்.

அட்டத்துக்கு ஏறுவதாகச் சொன்னீர்கள். கூரை அலங்காரம் சாக்குத் துணி வைத்து வார்த்த ஜிப்சம் பலகையாக இருந்தால், அது மேலே உள்ள மரத்தில் ஜிப்சத்தில் தோய்த்த சாக்குத் துண்டுகளால்தான் தொங்கும். அதன்மேல் கால் வைத்தால் நேராகக் கீழே போவீர்கள். உத்தரத்தில் மட்டும், பலகை போட்டு, இருவராக. தண்ணீர் கசிந்த இடத்தில் அந்தச் சாக்கு மக்கி வெறும் பொடியாக நிற்கும். கீழேயிருந்து பார்த்தால் விரிசல்கூடத் தெரியாது. 1901இல் திறந்த லண்டன் அப்பல்லோ தியேட்டரில் 2013 டிசம்பர் 19 அன்று நாடகம் நடக்கும்போதே கூரையின் ஒரு பகுதி விழுந்து 70க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், காரணம் இப்படி நைந்த சாக்குத் தொங்கல்கள்தான். மக்கிய சாக்கைப் பார்த்தால் வரலாற்றை ஓரமாக வைத்துவிட்டு உடனே பொறியாளரிடம் சொல்லுங்கள்.

கூரைக்கு மேல் இன்னொரு கூரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்னியே ஒபராவில் 1964இல் ஓவியர் ஷகால் வரைந்த கூரை ஓவியத்தைத் தனிச் சட்டத்தில் பொருத்தினார்கள், பழைய கூரை ஓவியம் அதற்கு மேலே இன்றும் இருக்கிறது.

—

மூன்றாம்_அலமாரி:

முகப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முகப்புச் சுதை வேலை பழையது போல் இருக்கிறது என்பதால் பழையது என்று கொள்ள வேண்டாம். சைகோன் நகராட்சி அரங்கு 1900இல் திறந்தது. முகப்பு அலங்காரம் அதிகம் என்று 1940களில் பலவற்றைக் கழற்றிவிட்டார்கள். 1955க்குப் பிறகு அது சட்டமன்றக் கட்டடம், 1975க்குப் பிறகு மீண்டும் அரங்கு. நகரத்தின் 300ஆம் ஆண்டுக்காக 1998இல் அலங்காரத்தைத் திரும்பச் செய்து வைத்தார்கள். இன்று அதைப் பார்ப்பவர் முழுக்க 1900 என்றுதான் நினைப்பார். தேதியிட்ட புகைப்படங்களைப் பத்தாண்டுக்கு ஒன்றாவது வரிசையாக வையுங்கள். அஞ்சலட்டையாக இருந்தால் முத்திரைத் தேதியை நம்பாதீர்கள், அச்சடித்த படம் பல வருடம் விற்கும். அது "இந்தத் தேதிக்கு முன் எடுத்தது" என்பதற்கு மட்டும் சாட்சி.

இருக்கைக் கணக்கு. சுவர் இடிபடாமலே எண்ணிக்கை அப்படிக் குறையும், போட்டுப் பாருங்கள். மேல்மாடத்தில் 10 வரிசை, வரிசைக்கு 12 மீட்டர் பெஞ்சு என்று வைப்போம், மொத்தம் 120 மீட்டர். பழைய கணக்கில் ஒருவருக்கு 45 சென்டிமீட்டர், 266 பேர். வரிசைக்கு வரிசை 65 சென்டிமீட்டர் இடைவெளி, மொத்த ஆழம் ஆறரை மீட்டர். இப்போது அதே ஆழத்தில் 90 சென்டிமீட்டர் இடைவெளி கொடுத்தால் 7 வரிசைதான் பிடிக்கும், 84 மீட்டர். தனி நாற்காலிக்கு 52 சென்டிமீட்டர் வைத்தால் 161 பேர். நூற்றுக்கு நாற்பது போய்விட்டது. இதற்கு மேல், திறப்பு விழாச் செய்தியில் நின்று பார்ப்பவர்களையும் சேர்த்திருப்பார்கள். பின்னால் நடைபாதை அகலமாக்கியதில் சில போயிருக்கும். உங்கள் மாடத்தின் படிகளை அளந்து இதே கணக்கைப் போட்டு, செய்தித்தாள் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்து வந்தால் பழைய படிகள் அப்படியே இருக்கின்றன. ஒத்து வராவிட்டால் படிகளையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், அப்போது அடியில் உள்ள இரும்பைப் பார்க்க வேண்டும்.

அந்த இரும்பை எப்படியும் பாருங்கள். உருட்டாலையில் வந்த உத்தரங்களில் ஆலையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். மாடத்தைத் தாங்க முதலில் வார்ப்பிரும்புத் தூண்கள் நின்று, பிறகு எடுத்திருந்தால் கீழ்த்தளத் தரைக்கு அடியில் தூண் நின்ற கல் பீடங்கள் இருக்கும். தூணில்லாமல் பின்சுவரிலிருந்தே மாடத்தை நீட்டிப் பிடிக்கும் எஃகு முறை 1890களில்தான் பரவியது. "தூண் மறைக்கிறது" என்ற வாசகர் கடிதம் கிடைத்து, இன்று தூண் இல்லையென்றால், மாடம் இரண்டாவது முறை கட்டியது.

வரைபடத்தை இன்றைய அளவோடு பொருத்தும்போது, தாளில் எழுதிய விகிதத்தை வைத்து அளக்காதீர்கள். பழைய தாளும் துணியும் சுருங்கும், அதுவும் நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி. நகல் எடுத்ததில் இன்னும் கொஞ்சம் கோணலாகும். மேடை வாயின் அகலத்தை நேரில் தரை மட்டத்தில் அளந்து அதை ஒன்றாம் ஆதாரமாக வையுங்கள், கூடத்தின் நீளத்தை இரண்டாவதாக. இரண்டுக்கும் தாளைத் தனித்தனியே சரி செய்துவிட்டு மற்றச் சுவர்களைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு சுவர் அரை செங்கல் அகலத்துக்கு மேல் தள்ளி நின்றால், அதை நேரில் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும்: மூலையில் செங்கல்கள் ஒன்றோடொன்று பின்னாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் பிரிந்து நின்றால் அது பின்னால் ஒட்டியது.

முதல் கேள்விக்கு: மூன்று வருடத்தையும் போடுங்கள், எது எதன் வருடம் என்று பெயர் சொல்லி. முகப்பு வருடத்துக்குச் சான்று கிடைக்காவிட்டால் "முகப்பில் உள்ளபடி" என்று மட்டும் எழுதினால் போதும்.

—

சுவடிப்பெட்டி:

பெட்டிச் சுவர், மேடை வாய்ச் சட்டம் இரண்டையும் தொடாமல் விட ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொண்டார். கூரைக்கு மட்டும் சாரம் இரண்டு வாரத்தில் பிரித்துவிடுவார்களாம், அதற்குள் சில்லு எடுக்க வேண்டும். எரிவாயு தலைப்பில் தேடியதில் "அரங்கத்து மீட்டரை அகற்றுதல்" என்று ஒரு தீர்மானம் சிக்கியிருக்கிறது. எண்ணும் தேதியும் இருக்கின்றன, கோப்பு இன்னும் கைக்கு வரவில்லை.

—

காரைப்பூச்சு:

சாரம் இருக்கும்போது வட்டத் துளையின் விளிம்பிலிருந்தும், அதிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் ஒவ்வொரு சில்லு எடுங்கள். எரிவாயுச் சுடர் இருந்திருந்தால் விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே உள்ள கறுப்புக் கோடு தடிமனாக இருக்கும், தள்ளி எடுத்ததில் மெல்லிசாக. கரி எந்த அடுக்கோடு நிற்கிறதோ அதை அந்த மீட்டர் தீர்மானத்தின் தேதியோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சில்லையும் தனித்தனி உறையில் போட்டு, சுவர் பெயர், தரையிலிருந்து உயரம், தேதி மூன்றையும் உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.